கொக்கோ விலையும் கானாவின் விடுதலையும்

சகாராவுக்குத் தெற்கே ஐரோப்பியரின் ஆட்சியிலிருந்து விடுபட்ட முதல் கறுப்பின நாடு என்ற பெருமை பொதுவாகக் கானாவுக்கே தரப்படுகிறது. சூடான் அதற்கு முந்தைய ஆண்டே விடுதலை பெற்றுவிட்டது என்றாலும், அது பிரிட்டனும் எகிப்தும் பெயரளவில் கூட்டாக ஆண்ட பகுதி என்பதால் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. 1957 மார்ச் 6 அன்று பிறந்த கானாவின் கதையைக் குவாமே நிக்ரூமா என்ற ஒற்றை மனிதரின் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சிறைக் கொட்டடியிலிருந்து ஆட்சிப் பொறுப்புக்கு அவர் நேரே நடந்துபோன நிகழ்வு அவ்வளவு கவர்ச்சியானது. ஆயினும் அந்தப் பத்தாண்டுப் போராட்டத்தின் திருப்பங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விலைத் தகராறு இருப்பதைக் காணலாம். விவசாயி விற்ற கொக்கோவுக்குக் கிடைத்த விலை ஒருபுறம், அவன் கடையில் வாங்கிய துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கொடுத்த விலை மறுபுறம். பேரரசை ஆட்டம் காணச் செய்தது இவ்விரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான். விடுதலை வாசலில் நின்ற நாட்டை இரண்டாகப் பிளக்கப் பார்த்ததும் அதே இடைவெளிதான்.

பிரிட்டிஷார் இந்நாட்டை 'கோல்டு கோஸ்ட்', அதாவது தங்கக் கரை, என்று அழைத்தார்கள். 1844 மார்ச் 6 அன்று கடலோரத்து ஃபான்டே தலைவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் தொடங்கிய அவர்களுடைய பிடி, 1874-இல் முறையான காலனியாக மாறி, உள்நாட்டு அசாந்தி அரசோடு நடந்த பல போர்களுக்குப் பிறகு 1902 வாக்கில் முழுமை பெற்றது. பெயரில் தங்கம் இருந்தாலும் இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் செல்வம் மரத்தில் காய்த்தது. டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1879-இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொக்கோ விதைகளைக் கொண்டுவந்து மாம்போங் என்ற ஊரில் பயிரிட்டார் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. 1891-இல் ஏற்றுமதியான கொக்கோ வெறும் 80 ராத்தல், அதாவது சுமார் 36 கிலோ. 1911-இல் அது ஏறத்தாழ 40,000 டன்னாகி, உலகிலேயே மிக அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகக் கோல்டு கோஸ்ட் உயர்ந்திருந்தது.

இந்த வளர்ச்சியில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளுக்குப் பங்கில்லை என்பதுதான் முக்கியம். தரிசாகக் கிடந்த நிலங்களை அரசின் பொறுப்பில் கொண்டுவர முயன்ற 1897-ஆம் ஆண்டின் நில மசோதாவைக் கடலோரத்துப் படித்த வகுப்பினரும் மரபுத் தலைவர்களும் பழங்குடி உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்ற அமைப்பின் வழியாக எதிர்த்து, இலண்டனுக்கே தூதுக்குழு அனுப்பி, கைவிட வைத்தார்கள். ஆகவே கென்யாவைப் போல வெள்ளையர் குடியேறி நிலத்தைப் பறிக்கும் நிலை இங்கே உருவாகவில்லை. நிலம் ஆப்பிரிக்க விவசாயியிடமே இருந்தது. அவன் விளைவித்ததை வாங்கும் உரிமையும், அவனுக்கு வேண்டியதை விற்கும் உரிமையும் மட்டும் சில ஐரோப்பிய நிறுவனங்களிடம் இருந்தன. அவற்றுள் பெரியது யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி. கொக்கோவை எடை போட்டு வாங்கிய அதே நிறுவனம் துணியையும் சர்க்கரையையும் தகர டப்பா மீனையும் இறக்குமதி செய்து விற்றது. இதனால் காலனி ஆட்சி என்பது அங்குள்ள எளிய மனிதனுக்குத் துப்பாக்கியும் பண்ணையாருமாகத் தெரிவதைக் காட்டிலும் தராசும் கடைக் கல்லாவுமாகத் தெரிந்தது.

இதன் முதல் பெரிய மோதல் 1937-இல் நடந்தது. யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியும் கேட்பரி உள்ளிட்ட பிற கொள்முதல் நிறுவனங்களும் போட்டி போட்டு விலையை ஏற்றுவதில்லை என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. செய்தி வெளியானதும் விவசாயிகள் கொக்கோவை விற்க மறுத்தார்கள். அத்தோடு நில்லாமல் அந்நிறுவனங்களின் சரக்குகளை வாங்குவதையும் நிறுத்தினார்கள். 1938 ஏப்ரல் வரை நீடித்த இந்த மறுப்பை முடித்துவைக்க இலண்டன் ஒரு விசாரணைக் குழுவையே அனுப்ப வேண்டியதாயிற்று. வாங்காமையும் விற்காமையும் ஆயுதங்களாகும் என்ற பாடத்தை விவசாயிகளும் மரபுத் தலைவர்களும் அப்போதே படித்துவிட்டார்கள். அரசியல் கட்சிகள் அதைப் படிக்க இன்னும் பத்தாண்டு பிடித்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கொக்கோ கொள்முதலை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. போர் முடிந்தபின் அந்த ஏற்பாடே 1947-இல் கொக்கோ விற்பனை வாரியமாக உருவெடுத்தது. உலகச் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் விவசாயிக்கு ஒரே சீரான விலை தருவது, நல்ல ஆண்டில் மிஞ்சுவதைக் கெட்ட ஆண்டுக்கென்று சேமிப்பது என்பதுதான் வாரியத்தின் கொள்கை. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் உலக விலை ஏறிக்கொண்டே போனது. மிஞ்சிய பணமோ ஸ்டெர்லிங் இருப்பாக, அதாவது பிரிட்டிஷ் பவுண்டுச் சேமிப்பாக, இலண்டனில் தங்கியது. போரில் நொடித்துப்போன பிரிட்டனுக்கு அது பெரிய ஆறுதல். இங்கே இறக்குமதிச் சரக்கு தட்டுப்பாட்டால் விலை உயர்ந்துகொண்டிருக்க, கொக்கோ விவசாயி தன் பணம் எங்கோ பத்திரமாக இருப்பதாகச் சொல்லக் கேட்டான்.

இதன் நடுவே மரங்களுக்கு நோய் வந்தது. மாவுப்பூச்சியால் பரவும் ஒரு வைரஸ் கொக்கோ மரத்தின் தளிர்களை வீங்க வைத்து இரண்டு மூன்று ஆண்டுகளில் மரத்தையே கொன்றுவிடும். மருந்து இல்லை, நோய்பட்ட மரத்தையும் அதைத் தொட்டு நிற்கும் மரங்களையும் வெட்டுவது ஒன்றே வழி என்று வேளாண் துறை சொன்னது. அறிவியல்படி அது சரியே. ஆனால் வெட்ட வந்த அரசு ஆட்கள் முன்னால் நின்ற விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்தது, அடிமரத்திலேயே காய்கள் தொங்கிக்கொண்டிருந்த மரம். நட்டு, நிழல் கொடுத்து, முதல் காய் பறிக்க ஐந்தாறு ஆண்டு காத்திருந்தவனிடம் 'உன் நன்மைக்காகத்தான் வெட்டுகிறோம்' என்று சொல்லி, அற்ப இழப்பீட்டைக் கையில் வைத்தபோது, கொக்கோ வளத்தை அழித்து நாட்டை அடக்கி வைக்கவே வெள்ளைக்காரன் சூழ்ச்சி செய்கிறான் என்ற வதந்தி கிராமம் கிராமமாக நம்பப்பட்டதில் வியப்பில்லை.

போர் இன்னொரு கூட்டத்தையும் ஏமாற்றத்தோடு திருப்பி அனுப்பியிருந்தது. கோல்டு கோஸ்ட்டிலிருந்து சுமார் 65,000 பேர் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் இந்தியா வழியாகப் பர்மாவுக்குச் சென்று, அரக்கான் காடுகளிலும் கலடான் பள்ளத்தாக்கிலும் ஜப்பானியரோடு போரிட்டவர்கள். இந்தியாவில் காங்கிரஸ் இயக்கம் எப்படி நடக்கிறது என்பதை அருகிருந்து பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. ஊர் திரும்பியபோது வேலை இல்லை, ஓய்வூதியம் போதவில்லை, கொடுத்த வாக்குறுதிகளைக் கேட்பார் இல்லை.

1948-ஆம் ஆண்டு பிறந்தபோது நிலைமை இதுதான். இலண்டனோ இந்த நாட்டை 'முன்மாதிரிக் காலனி' என்று மெச்சிக்கொண்டிருந்தது. 1946-இல் ஆளுநர் ஆலன் பர்ன்ஸ் கொண்டுவந்த அரசியல் சட்டம், பிரிட்டிஷ் ஆப்பிரிக்காவிலேயே முதன்முறையாகச் சட்டமன்றத்தில் ஆப்பிரிக்கருக்குப் பெரும்பான்மை தந்திருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மரபுத் தலைவர்களின் அவைகள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். 1947 ஆகஸ்டில் சால்ட்பாண்ட் என்ற கடலோர ஊரில் வழக்கறிஞர் ஜே. பி. டான்குவாவும் பிறரும் தொடங்கிய ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாடு என்ற கட்சி, 'இயன்ற அளவு குறுகிய காலத்தில்' தன்னாட்சி வேண்டும் என்று கேட்டது. கட்சி வேலையை முழு நேரமும் பார்க்க வக்கீல்களுக்கு ஓய்வில்லை. அமெரிக்காவில் படித்து, இலண்டனில் ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களில் உழன்றுகொண்டிருந்த நிக்ரூமாவைப் பொதுச் செயலாளராக வரவழைத்தார்கள். 1947 டிசம்பரில் அவர் வந்து சேர்ந்தார்.

பொறியைப் பற்றவைத்தது இவர்களில் யாரும் அல்ல. நாட்டின் தலைநகரான ஆக்ராவின் ஓசு பகுதியைச் சேர்ந்த நீ குவாபெனா பான் என்ற மரபுத் தலைவர், தாமே ஒரு வணிகர், விலைவாசி எதிர்ப்புக் குழு ஒன்றை அமைத்து ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டினார். ஐரோப்பிய, சிரியக் கடைக்காரர்கள் விலையைக் குறைக்காவிட்டால் 1948 ஜனவரி 26 முதல் அவர்களுடைய கடைகளில் யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பது அறிவிப்பு. மக்கள் அதை ஒரு மாதம் கட்டுப்பாட்டோடு கடைப்பிடித்தார்கள். கடைசியில் அரசு நடுவில் நின்று ஓர் உடன்பாட்டை முடித்துவைத்தது: சில குறிப்பிட்ட சரக்குகளின் மீது நிறுவனங்கள் வைக்கும் மொத்த இலாபம் 75 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறையும், பிப்ரவரி 28, சனிக்கிழமை, புறக்கணிப்பு முடியும். ஆனால் ஊரில் பரவிய செய்தி வேறு. விலை பாதியாகிவிடும் என்றே பலரும் எண்ணினார்கள். இலாபத்தில் குறையும் விழுக்காடும் விலையில் குறையும் விழுக்காடும் ஒன்றல்ல என்பதை விளக்க யாரும் மெனக்கெடவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை, ஒரு மாதமாகத் தள்ளிப்போட்ட துணியையும் பண்டங்களையும் வாங்கக் கூட்டம் கூட்டமாகக் கடைக்குப் போனவர்கள், விலைச்சீட்டைப் பார்த்துத் தாங்கள் மறுபடியும் ஏமாற்றப்பட்டதாகவே முடிவு செய்தார்கள்.

அதே நாள் பிற்பகலில் முன்னாள் படைவீரர்கள் ஆளுநரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் போனார்கள். தலைமைச் செயலகம் வரை செல்ல மட்டுமே அனுமதி; அவர்களோ வழியை மாற்றி ஆளுநர் குடியிருந்த கிறிஸ்டியன்ஸ்பர்க் கோட்டையை நோக்கித் திரும்பினார்கள். டேனிஷ்காரர்கள் கட்டி, ஒரு காலத்தில் அடிமை வணிகம் நடந்த கோட்டை அது. குறுக்குச் சாலை ஒன்றில் கொலின் இம்ரே என்ற காவல்துறைக் கண்காணிப்பாளர் ஒரு சிறு காவலர் குழுவோடு அவர்களை மறித்தார். கூட்டம் நிற்கவில்லை. கண்ணீர்ப்புகையும் பயன்படவில்லை. சுடும்படி இட்ட கட்டளை ஆரவாரத்தில் காவலர்களின் காதில் விழவில்லை போலும். இம்ரே பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கியைப் பறித்துத் தாமே சுட்டார். சார்ஜென்ட் அஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, பிரைவேட் ஒடார்ட்டே லாம்ப்டே ஆகிய மூவரையும் கானா இன்றும் தியாகிகளாக நினைவுகூர்கிறது.

செய்தி நகருக்குள் பரவியபோது, கடைவீதியில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கூட்டமும் ஊர்வலத்தார் கொண்டுவந்த ஆத்திரமும் ஒன்றாகக் கலந்தன. யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் கடைகளும் பிற ஐரோப்பிய, சிரியக் கடைகளும் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. அஷர் கோட்டைச் சிறை உடைக்கப்பட்டது. குமாசி, கோஃபோரிடுவா, ன்சாவம் என்று கொக்கோ விளையும் உள்நாட்டுக்கும் கலவரம் பரவியது. அடங்கியபோது 29 பேர் இறந்திருந்தார்கள், 237 பேர் காயமுற்றிருந்தார்கள். தாக்கப்பட்டவை பெரும்பாலும் கடைகளே என்பதை வைத்துப் பார்த்தால், கூட்டம் தன் எதிரியைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தது.

கம்யூனிஸ்டுகளின் சதி என்று அரசு சொன்னது. டான்குவா, நிக்ரூமா உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் ஆறு பேரைக் கைது செய்து வடபகுதிக்கு நாடு கடத்தியது. கலவரத்தை அவர்கள் திட்டமிடவில்லை. நடந்தபின், ஆளுநரைத் திரும்ப அழைக்கும்படி இலண்டனுக்குத் தந்தி அடித்ததுதான் அவர்கள் செய்தது. கைது அவர்களைப் 'பெரிய அறுவர்' ஆக்கியது. விசாரிக்க வந்த வாட்சன் ஆணையம் சதிக் கதையோடு நிற்காமல், விலைவாசி, கொக்கோ மரவெட்டு, படைவீரர் குறைகள் ஆகிய எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பர்ன்ஸ் அரசியல் சட்டம் பிறக்கும்போதே காலாவதியானது என்று கூறிவிட்டது. புதிய சட்டத்தை வரையும் பொறுப்பு நீதிபதி கூசி தலைமையில் முழுக்க ஆப்பிரிக்கர்களே அமைந்த குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுவரில் ஐவர் குழுவில் இடம்பெற்றார்கள். நிக்ரூமா மட்டும் அழைக்கப்படவில்லை. அவரை வெளியே விட்டதுதான் பிரிட்டிஷார் செய்த மிகப் பெரிய பிழை என்பது என் கருத்து. குழு அறைக்குள் இருந்திருந்தால் அவரும் வரைவுக்குப் பொறுப்பேற்றிருப்பார்.

வெளியே இருந்தவருக்குத் தெரு கிடைத்தது. 1948 செப்டம்பரில் தொடங்கிய ஆக்ரா ஈவினிங் நியூஸ் ஏட்டின் வழியாகவும், ஊர் ஊராக நடந்த கூட்டங்களின் வழியாகவும், ஏழாம் எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்தர்கள், ஓட்டுநர்கள், பள்ளி ஆசிரியர்கள், சந்தைப் பெண்கள் ஆகியோரை அவர் திரட்டினார். திண்ணையில் படுத்துறங்கும் பையன்கள் என்று மேட்டுக்குடியினர் ஏளனம் செய்தார்கள். அவர்கள் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டார்கள். ஹன்னா கட்ஜோ போன்ற பெண்கள் கட்சியின் பிரசாரத்தை முன்னின்று நடத்தினார்கள். 1949 ஜூன் 12 அன்று ஆக்ராவில் பெருங்கூட்டத்தின் முன் மக்கள் மாநாட்டுக் கட்சி அறிவிக்கப்பட்டபோது, 'இயன்ற அளவு குறுகிய காலத்தில்' என்ற வக்கீல் நடைக்கு எதிராக 'இப்போதே தன்னாட்சி' என்ற முழக்கம் எழுந்தது. கூசி குழுவின் வரைவு முழுத் தன்னாட்சி தரவில்லை என்றதும், காந்தியின் முறையைச் சான்றாகக் காட்டி, 'பாசிட்டிவ் ஆக்‌ஷன்' என்று பெயரிட்ட வன்முறையற்ற போராட்டத்தை நிக்ரூமா 1950 ஜனவரி 8 அன்று அறிவித்தார். தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் சேர்ந்து நாட்டை நிறுத்தின. அரசு நெருக்கடி நிலையைக் கொண்டுவந்து தலைவர்களைச் சிறையிலடைத்தது. நிக்ரூமாவுக்கு மொத்தம் மூன்றாண்டுத் தண்டனை.

ஆக்ராவின் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் எழுதக் காகிதம் தரப்படாத நிலையில், கழிப்பறைத் தாளில் குறிப்புகள் எழுதி வெளியே அனுப்பினார் அவர். வெளியே கட்சியை நடத்திய கொம்லா பெடெமா 1951 பிப்ரவரித் தேர்தலுக்கு அவரைச் சிறையிலிருந்தபடியே வேட்பாளராக நிறுத்தினார். ஆக்ரா மையத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு. மக்கள் வாக்கால் நிரம்பிய 38 இடங்களில் 34 கட்சிக்கு. ஆளுநர் சார்லஸ் ஆர்டன்-கிளார்க் முன்னால் இரண்டே வழிகள்: வென்றவரைச் சிறையில் வைத்துக்கொண்டு அரசியல் சட்டத்தைப் புதைப்பது, அல்லது அவரை விடுவிப்பது. பிப்ரவரி 12 அன்று விடுதலை செய்தார். மறுநாள் நிக்ரூமா கிறிஸ்டியன்ஸ்பர்க் கோட்டைக்குள் நுழைந்து அரசு அமைக்கும் அழைப்பைப் பெற்றார். 1952-இல் அவருக்குப் பிரதமர் பட்டமும் கிடைத்தது.

வழக்கமான வரலாறுகள் இங்கிருந்து 1957-க்குத் தாவிவிடும். ஆனால் பதவிக்கு வந்தவர்கள் கையில் இப்போது கொக்கோ வாரியமும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. மரவெட்டை எதிர்த்து வாக்குக் கேட்ட கட்சி, கொஞ்ச காலம் நிறுத்தி வைத்துவிட்டு, இழப்பீட்டை உயர்த்தி மீண்டும் வெட்டத் தொடங்கியது. வேறு வழியும் இல்லை. விவசாயிக்குக் கடன் தர 1952-இல் தொடங்கிய கொக்கோ கொள்முதல் நிறுவனம் கட்சிக்காரர்களுக்குச் சலுகை காட்டியதைப் பின்னர் ஜிபோவு ஆணையம் வெளிப்படுத்தியது. 1954 ஆகஸ்டில், உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 450 பவுண்டையும் தாண்டி விற்றபோது, நிதியமைச்சர் பெடெமா கொண்டுவந்த சட்டம் விவசாயிக்கான விலையை 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் என்று நான்காண்டுக்கு நிலைநிறுத்தியது. அதாவது டன்னுக்குச் சுமார் 134 பவுண்டு. எஞ்சியது பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் என்றது அரசு. பணவீக்கத்தைத் தடுக்கும் பொருளியல் காரணமும் இருந்தது. ஆனால் கொக்கோவில் பெரும்பங்கு விளைவித்த அசாந்தி மக்களுக்கு, இலண்டன் சொன்னதையே ஆக்ரா இப்போது தங்கள் மொழியில் சொல்வதாகப் பட்டது.

அடுத்த மாதமே, 1954 செப்டம்பர் 19 அன்று, குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்தது. தொடங்கியவர் அசாந்தி மன்னரின் அவையில் பதவி வகித்தவரும் தாமே கொக்கோ விவசாயியுமான பாஃபூர் ஒசெய் அக்கோட்டோ. விலைக் குறையில் தொடங்கிய இயக்கம் விரைவில் கூட்டாட்சி வேண்டும், அசாந்தியின் செல்வத்தில் அசாந்திக்கு உரிமை வேண்டும் என்று விரிந்தது. குமாசியில் கத்திக்குத்துகளும் குண்டுவெடிப்புகளும் நடந்தன. 1955 நவம்பரில் நிக்ரூமாவின் வீட்டிலேயே குண்டு வெடித்தது. இந்த இயக்கத்தை வெறும் இனக்குழுப் பிற்போக்கு என்று ஒதுக்குவது ஆளுங்கட்சியின் பார்வை. அதில் மரபுத் தலைவர்களின் தன்னலம் கலந்திருந்தது உண்மை. அதற்காக, மூன்றில் இரண்டு பங்கு விலையை இழந்தவனின் குறை பொய்யாகிவிடாது.

பிளவு முற்றியதால் பிரிட்டன் விடுதலை நாளைக் குறிக்கும் முன் இன்னொரு தேர்தல் வேண்டும் என்றது. நிக்ரூமா விரும்பாமல் ஒப்புக்கொண்டார். 1956 ஜூலையில் அவருடைய கட்சி 104-இல் 71 இடங்களை வென்றது. அசாந்தியின் 21 தொகுதிகளில் கிடைத்தது 8 மட்டும். அதே ஆண்டு மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில், கிழக்கே பிரிட்டனின் பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் டோகோலாந்தும் கோல்டு கோஸ்ட்டோடு இணைய இசைந்திருந்தது. 1844 உடன்படிக்கையின் அதே தேதியில், மார்ச் 6 நள்ளிரவில், ஆக்ராவின் பழைய போலோ திடலில் நிக்ரூமாவும் தோழர்களும் சிறைப்பட்டவர்கள் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் தைத்த தொப்பியோடு மேடையேறினார்கள். ஆப்பிரிக்கா முழுதும் விடுபடாவிட்டால் தங்கள் விடுதலைக்குப் பொருளில்லை என்று அவர் அங்கே அறிவித்தார்.

அசாந்தியின் கேள்விக்கு விடை அந்த மேடையில் இல்லை. 1957 டிசம்பரில் வட்டார, இனக்குழு அடிப்படையிலான கட்சிகள் தடை செய்யப்பட்டன. 1958-இல் வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் எதிர்க்கட்சியினர் பலர் சிறை சென்றார்கள். நிக்ரூமாவை நாட்டுக்கு அழைத்துவந்த கட்சியின் முன்னோடியான டான்குவா 1965-இல் ன்சாவம் சிறையில் இறந்தார். அந்த ஆண்டு உலகக் கொக்கோ விலையும் சரிந்தது. 1966 பிப்ரவரி 24 அன்று, நிக்ரூமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, படையும் காவல்துறையும் ஆட்சியைக் கைப்பற்றின. 1947-இல் பிரிட்டிஷார் அமைத்த வாரியமோ வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்தது. இன்றும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் விவசாயிக்கான விலையை அறிவிப்பது அரசுதான். அறிவித்த விலை குறைவாகப் படும் ஆண்டுகளில் மூட்டைகள் இரவோடு இரவாக எல்லை தாண்டி ஐவரி கோஸ்ட்டுக்குப் போகின்றன.